சென்னையில் எந்த ஏரியாவில் ரூம் போடலாம்? வாடகையை மட்டும் பார்த்தா கணக்கு தப்பும்!

வெளியூர்ல இருந்து சென்னைக்கு வர்றோம்னா, முதல்ல தேடுறது குறைஞ்ச வாடகை ரூம். ஆனா பார்க்க வேண்டியது ஒரு நாளின் மொத்தச் செலவு: வாடகையும், வேலை நடக்கும் இடத்துக்குப் போய்வர ஆகும் வண்டிச் செலவும் சேர்ந்தது.

ஒரு உதாரணம் பார்ப்போம். அப்பாவை கிரீம்ஸ் ரோட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு 4 நாள் கூட்டிட்டுப் போகணும். தென் மாவட்டத்து பஸ் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுது. அதனால பக்கத்துல வண்டலூரிலேயே ரூம் போடத் தோணும். தொகைகள் கணக்குக்காக நான் வைத்தவை:

வண்டலூர்: வாடகை ₹1,500 + கார் போக வர ₹1,400 = ஒரு நாளைக்கு ₹2,900. 4 நாளைக்கு ₹11,600.

ஆயிரம் விளக்கு: வாடகை ₹2,500 + ஆட்டோ ₹100 = ஒரு நாளைக்கு ₹2,600. 4 நாளைக்கு ₹10,400.

வாடகை ஆயிரம் ரூபாய் கூட, ஆனா மொத்தத்தில் ₹1,200 மிச்சம். உடம்பு முடியாதவர் ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கில் உட்கார வேண்டியதும் இல்லை. நடுவுல ரூமுக்கு வந்து படுத்து ஓய்வெடுக்கலாம்.

இப்போ ஆளை மாத்துவோம். நீங்க மட்டும் நுங்கம்பாக்கத்துக்கு 2 நாள் டிரெயினிங் வர்றீங்க. இப்போ தாம்பரத்தில் தங்கலாம். மின்சார ரயில் நேரா நுங்கம்பாக்கம் போகும், டிக்கெட்டும் ரொம்பக் குறைவு. தூரம் அதிகம்தான், ஆனா இங்கே மிச்சம் நிஜமான மிச்சம்.

ஆக, தனியா வர்றவங்க வேலை இருக்கும் ரயில், மெட்ரோ பாதையிலேயே ரூம் தேடுங்க. நோயாளி, குழந்தை, வயசானவங்க கூட இருந்தா, நடந்து போற தூரத்தில் தேடுங்க.

புக் பண்ணும் முன் இன்னும் ரெண்டு விஷயம்:

1. செக்-அவுட் 24 மணி நேரமா, பகல் 12 மணியா என்று கேளுங்க. காலை 5 மணிக்கு ரயில்ல வந்து இறங்கினா, 12 மணி கணக்கு வைக்கும் ஹோட்டலில் கூடுதலா ஒரு நாள் வாடகை கேட்கலாம்.

2. பில்லைப் பாருங்க. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை ₹7,500 வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5% தான். முன்பு 12% இருந்தது. இன்னும் 12% போட்டிருந்தா தயங்காம கேளுங்க.

அடுத்த முறை ரூம் போடும் முன் இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும்!