பழையதை எப்போது கைவிடுவது?

அன்புள்ள தமிழினி,

தோப்புகளில் மாட்டியிருக்கும் மோட்டார் கண்ட்ரோலர்களுக்கு இனி வைஃபை வழியாகவே புது ஃபர்ம்வேர் அனுப்பப் போவதாக எழுதியிருந்தாய். ஒவ்வொரு மோட்டார் ரூமுக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாதுதான். நீ அனுப்பிய புரோகிராமைப் படித்தேன். சர்வரிலிருந்து கோப்பை இறக்கி ஃபிளாஷ் மெமரியில் எழுதும் பகுதி சரியாகவே இருக்கிறது. ஆனால் இந்த வேலையில் இறக்குவதுதான் சுலபம். பழைய ஃபர்ம்வேரை எந்த நிமிடத்தில் கைவிடலாம் என்று முடிவு செய்வதில்தான் பாடு முழுவதும் இருக்கிறது. அந்த முடிவை நீ எங்குமே எடுக்கவில்லை.

அதை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் லாக்ஸ்டேட் என்ற நிறுவனம் தன் வைஃபை பூட்டுகளுக்கு ஒரு அப்டேட் அனுப்பியது. ஒரு மாடலுக்கு உரிய ஃபர்ம்வேர் தவறுதலாக இன்னொரு மாடலுக்குப் போய்விட்டது. சுமார் 500 பூட்டுகளில் கீபேட் வேலை செய்யவில்லை. ஏர்பிஎன்பி வழியாக வீடு வாடகைக்கு விடுபவர்கள் பலர் அதில் மாட்டிக்கொண்டார்கள். சாவி கையில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். சரியான ஃபர்ம்வேரை மறுபடி அனுப்பியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். அதற்குத்தான் வழியில்லாமல் போனது. புது ஃபர்ம்வேர் ஏறியதும் பூட்டுகளால் சர்வருடன் பேச முடியவில்லை. கழற்றித் தபாலில் அனுப்பச் சொல்ல வேண்டியதாயிற்று.

மாடல் எண்ணைக் கோப்பின் தலைப்பிலேயே பதித்து, ஃபிளாஷில் கை வைக்கும் முன்பே சரிபார்த்துவிடு. இது பத்து வரி வேலை. பழையதை எப்போது கைவிடுவது என்பது அவ்வளவு சின்னதில்லை.

நீ பயன்படுத்தும் இஎஸ்பி32 சிப்பில் ஃபிளாஷைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஃபர்ம்வேருக்கு இரண்டு இடம் ஒதுக்கலாம். ஒன்றில் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதியது எழுதப்படும். பாதியில் கரண்ட் போனாலும் பழையதற்கு ஒன்றும் ஆகாது. அடுத்த தடவை எதிலிருந்து கிளம்புவது என்ற குறிப்பு மட்டும் தனியாக ஒரு சின்னப் பகுதியில் இருக்கிறது. அந்தக் குறிப்பை எழுதும் அதே கணத்தில் கரண்ட் போனால்? ஃபிளாஷில் நினைத்த இடத்தில் அழித்து எழுத முடியாது. 4 கிலோபைட் கொண்ட ஒரு செக்டாரை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அதனால் அழித்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் குறிப்பே இல்லாத ஓர் இடைவெளி வரும். இதற்காகவே அந்தப் பகுதிக்கு இரண்டு செக்டார் கொடுத்திருக்கிறார்கள். குறிப்பு மாற்றி மாற்றி எழுதப்படும். ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண்ணும் அது கெடவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். கருவி கிளம்பும்போது முதலில் ஓடும் பூட்லோடர் இரண்டையும் படித்து, கெடாதவற்றில் பெரிய எண் உள்ளதை எடுத்துக்கொள்ளும். ஒன்று பாழானாலும் மற்றது பேசும். இதை யோசித்தவர் கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்!

பழையதற்குத் திரும்பும் ரோல்பேக் வசதியைத் திறந்துவிட்டால், புது ஃபர்ம்வேர் அரசு வேலையில் சேர்ந்தவரைப் போலத் தகுதிகாண் பருவத்தில்தான் ஓடும். நான் சரியாக இருக்கிறேன் என்று அதுவே அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் ரீசெட் ஆனால் பூட்லோடர் பழையதற்குத் திரும்பிவிடும். இங்கேதான் உன் கோளாறு. நீ ஆர்டுவினோவில் எழுதுகிறாய். உன் செட்டப் பகுதி தொடங்கும் முன்பே ஆர்டுவினோ தானாக அந்த அறிவிப்பைக் கொடுத்துவிடும். பரீட்சைக்கு முன்பே தேர்ச்சி! அந்த அறிவிப்பைத் தள்ளிப்போடச் சொல்ல ஒரு சின்ன ஃபங்ஷன் இருக்கிறது. அதை நீயே எழுதி, சரி என்று சொல்லும் பொறுப்பை உன் கையில் எடுத்துக்கொள்.

எப்போது சொல்வது? மோட்டார் ஓடுகிறது, சென்சார் பேசுகிறது என்பதெல்லாம் போதாது. வைஃபையில் இணைந்து, உன் சர்வரை எட்டி, அடுத்த அப்டேட் உண்டா என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகே சொல். அந்தப் பூட்டுகள் இழந்தது இதைத்தான். மற்ற பிழை எதுவானாலும் அடுத்த அப்டேட்டில் திருத்தலாம். இது போனால் திருத்துவதற்கு வழியே போய்விடும். அதே சமயம் அவசரமும் வேண்டாம். ரவுட்டர் அணைந்திருப்பது ஃபர்ம்வேரின் குற்றமில்லை. தாராளமாகக் கால அவகாசம் கொடு. அதற்குள் கரண்ட் போய்ப் பழையதற்குத் திரும்பினாலும் நஷ்டமில்லை, மறுபடி இறக்கிக்கொள்ளும்.

ஃபர்ம்வேர் கோப்பில் இடும் டிஜிட்டல் கையொப்பம் பற்றிக் கேட்டிருந்தாய். ஹெச்டிடிபிஎஸ் இருந்தால் போதாதா என்றால், போதாது. அது சர்வர் யார் என்று சொல்லும். கோப்பு யாருடையது என்று சொல்லாது. 2016-இல் குறியாக்கவியல் அறிஞர் அடி ஷமீரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் பிலிப்ஸ் ஹியூ விளக்குகளில் தங்கள் சொந்த ஃபர்ம்வேரை ஏற்றிக் காட்டினார்கள். ஒரே வகை விளக்குகள் அனைத்துக்கும் ஒரே ரகசியச் சாவி. சிப் மின்சாரம் இழுக்கும் அளவை நுணுக்கமாக அளந்தே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உன் கண்ட்ரோலரையும் யாராவது கழற்றிப் பிரிக்க முடியும். ஆகவே கையொப்பமிடும் சாவி உன்னிடமே இருக்கட்டும்; கருவிக்குள் சரிபார்க்கும் பொதுச் சாவி மட்டும் போதும்.

எல்லாக் கண்ட்ரோலர்களுக்கும் ஒரே நாளில் அனுப்பாதே. முதலில் உன் மேசையில் இருப்பதற்கு, பிறகு பக்கத்துத் தோப்பில் ஒன்றிரண்டுக்கு.

ஒன்று மட்டும் அவசரம். ரோல்பேக் என்பது பூட்லோடரில் இருக்கும் வசதி. இப்படி அனுப்பும் அப்டேட் பூட்லோடரையும், ஃபிளாஷ் எப்படிப் பிரிக்கப்பட்டது என்று சொல்லும் பார்ட்டிஷன் டேபிளையும் தொடுவதில்லை. கேபிள் போட்டு முதல் தடவை எழுதும்போது என்ன இருக்கிறதோ அதுதான் தோப்புக்குப் போகும். அடுத்த லாட்டைப் பெட்டியில் அடைக்கும் முன் அந்த இரண்டு கோப்புகளையும் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
சித்தப்பா