ஆப்பரேஷனுக்கு முன்னால், தம்பிக்கு

புந்தோங், ஈப்போ

அன்புள்ள தம்பிக்கு,

இடுப்பு மூட்டு மாற்ற நாள் குறிக்காமல், எடையைக் குறைத்துவிட்டு வா என்று டாக்டர் அனுப்பிவிட்டதாகப் போனில் வருத்தப்பட்டாய். அவர் உன்னைத் தட்டிக்கழிக்கவில்லை. உடல் கனத்தவர்களுக்கு ஆப்பரேஷன் செய்த இடத்தில் கிருமி தொற்றும் ஆபத்து அதிகம். உனக்கு இனிப்பு நீரும் இருக்கிறது. புதிய மூட்டில் கிருமி புகுந்தால் மறுபடி திறக்க வேண்டும். சில நேரம் அந்த மூட்டையே எடுத்துவிடுவார்கள். மிஸியாக வேலை பார்த்த காலத்தில் அந்த வேதனையைக் கண்டிருக்கிறேன். அது உனக்கு வேண்டாமப்பா.

எடை ஏறிய கதையையும் சொல்கிறேன். நம் அப்பா அம்மா சாப்பிட்ட சோறு உனக்கு நினைவிருக்கும். விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக்குப் போய், 500 மரம் சீவி, காண்டாவில் பால் சுமந்தவர்களுக்கு அவ்வளவு சோறு வேண்டியிருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் வந்தது. நீ லோரி ஓட்டப் போனாய். வேலை உட்கார்ந்த வேலையாகிவிட்டது, சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை; அதோடு டின் பாலும் சேர்ந்துகொண்டது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் பாதிப்பேருக்கு எடை அதிகமாக இருந்தது. இந்தியர்களிடம் அது இன்னும் கூடுதல். இது உன் ஒருவனுடைய குறை இல்லை.

நடக்கும்போது இடுப்பு மூட்டில் விழும் பாரம் உடல் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 5 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் 12 கிலோ போல இறங்கும். ஆப்பரேஷனுக்கு முன்பே வலி சற்றுத் தணியலாம்.

ஆனால் பட்டினி மட்டும் கிடக்காதே. என் பயமெல்லாம் அதில்தான். பட்டினி கிடந்தால் கொழுப்போடு சதையும் கரையும். ஆப்பரேஷன் முடிந்ததும் உன்னை எழுப்பி நிறுத்தப்போவது தொடைச் சதையும் புட்டச் சதையும்தான். சோற்றைப் பாதியாக்கு, கெம்போங் மீன், முட்டை, பயறு, கீரையைக் கூட்டு. தே தாரேக் வேண்டாம், தே ஓ கோசோங் போதும். சோற்றைக் குறைக்குமுன் கிளினிக்கில் சொல்லிவிடு. மருந்து பழைய அளவிலேயே இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

போலோ திடலில் வேகமாகச் சுற்றுகிறவர்களைப் பார்த்து நீயும் வேகம் காட்டாதே. கொஞ்ச தூரம், நாளைக்குப் பல தடவை நட. கைத்தடியை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடி. பலர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள். எதிர்க்கையில் பிடித்தால்தான் மூட்டின் பாரம் குறையும். படுத்தபடியே தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி விடு. நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்து பழகு. நெஞ்சளவு தண்ணீரில் நடக்க நீச்சல் குளம் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. தண்ணீரே உன்னைத் தாங்கிக்கொள்ளும். எதையும் பிசியோவிடம் காட்டிவிட்டுச் செய். சிகரெட்டை இன்றே நிறுத்து, புண் ஆறவிடாது. சொத்தைப் பல்லிலும் கிருமி இருக்கும், அதையும் இப்போதே பார்த்துவிடு.

உன் வீட்டில் குந்தும் கக்கூஸ்தானே? ஆப்பரேஷனுக்குப் பிறகு அதில் உட்காரக் கூடாது. அடுத்த வாரம் கொத்தனாரோடு வருகிறேன். உட்காரும் கக்கூஸாக மாற்றி, சுவரில் கைப்பிடியும் போட்டுவிடலாம். அதற்குள் உன் எடையைப் பார்த்து எழுதி வை.

அன்புடன்,
அக்கா