கருமாதி வீட்டில் கையெழுத்துப் போடாதீங்க

அப்பாவோட பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, கடைசிப் பந்தி எழுந்த கையோட யாராவது ஒரு பெரியவர் ஆரம்பிப்பார். "எல்லாரும் வந்திருக்கீங்க, நாளைக்கே ரிஜிஸ்டர் ஆபீஸ் போய் அந்த வேலையையும் முடிச்சிடலாம்." உடனே பொண்ணுங்ககிட்ட ஆதார் கார்டு கேப்பாங்க. அழுது ஓஞ்சுபோன நேரத்தில், அண்ணன் முகத்துக்காகக் கையெழுத்துப் போட்டுட்டு பஸ் ஏறினவங்க எத்தனையோ பேர். தங்கச்சிகளா, அக்கா முதல்ல சொல்றது இதுதான்: துக்க வீட்டில் சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம். பங்கை மனசார விட்டுக்கொடுக்கிறதா இருந்தாலும் ரெண்டு மாசம் கழிச்சுப் போடுங்க. அதுக்குச் சட்டத்தில் கெடு எதுவும் கிடையாது.

அவங்க நீட்டுற தாளுக்குப் பேர் விடுதலைப் பத்திரம். மேற்படி சொத்தில் எனக்கும் என் வாரிசுகளுக்கும் இனி யாதொரு பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் இல்லைன்னு அதில் எழுதியிருக்கும். பத்திர எழுத்தர்கிட்ட வேலை பார்க்கிறவள்ங்கிறதால சொல்றேன், நீங்க முதல்ல கடைசிப் பக்கத்துக்குப் போங்க. அங்கே 'சொத்து விவரம்'னு ஒரு தலைப்பு, அதுக்குக் கீழே சர்வே எண், பரப்பு, கிழக்கே யார் நிலம், வடக்கே எந்தத் தெருன்னு நாலு எல்லை. வாய்ப்பேச்சில் வந்தது ஊர்ல இருக்கிற ஓட்டு வீடு மட்டும்தான். தாளில் ரெண்டாவது அயிட்டமா ரோட்டோர மனையும் சேர்ந்திருக்கலாம். ஒவ்வொரு எண்ணையும் மூலப்பத்திரத்தோட வச்சுச் சரிபாருங்க. அடுத்தது பணம். 'ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்'னு எழுதியிருந்து, கைக்கு ஒரு ரூபாய்கூட வரலைன்னா, பின்னாடி அதை மறுத்துப் பேசி ஜெயிக்கிறது பெரும்பாடு. பணம் தர்றதா இருந்தா வங்கி வழியா வரட்டும், டிடி நம்பர் பத்திரத்தில் ஏறட்டும். பதிவானதுக்கு அப்புறம் மனசு மாறினா ரத்து பண்ண முடியாது; ஏமாத்தி வாங்கினாங்கன்னு கோர்ட்டில் நிரூபிக்கணும்.

"உனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே"ங்கிற பேச்சு கண்டிப்பா வரும். சீர் வாங்கினதால பங்கு போயிடாது. அப்பா சுயமாச் சம்பாதிச்ச சொத்துக்கு உயில் எழுதாமப் போயிட்டார்னா, அம்மா, மகன்கள், மகள்கள், அப்பாவைப் பெத்த பாட்டி உயிரோட இருந்தா அவங்க, எல்லாருக்கும் சம பங்கு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இது இருக்கு. பாட்டியை மறந்துட்டு எழுதின பத்திரம் என்னிக்காவது ஒருநாள் தகராறாகும்.

பூர்வீகச் சொத்துக் கதைதான் கொஞ்சம் நீளம். பொண்ணுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டுன்னு தமிழ்நாடு 1989லேயே திருத்தம் கொண்டுவந்துச்சு. ஆனா அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணமானவங்களை விட்டுடுச்சு. 2005 செப்டம்பர் 9ல அமலுக்கு வந்த மத்திய அரசுத் திருத்தத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. அன்னிக்கு அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியமில்லைன்னு 2020ல வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே முறையாப் பதிவாகியோ கோர்ட் தீர்ப்பாலோ முடிஞ்ச பாகப்பிரிவினையைக் கிளற முடியாது. அதனால அண்ணன் "எப்பவோ பிரிச்சாச்சு"ன்னா, பதிவு எண்ணையோ தீர்ப்பு நகலையோ கேளுங்க.

'தாத்தா சொத்து பேரனுக்கு'ன்னு ஊர்ல ஒரு நம்பிக்கை. தாத்தா சுயமா வாங்கின நிலம், 1956க்கு அப்புறம் வாரிசா அப்பா கைக்கு வந்திருந்தா அது அப்பாவோட தனிச் சொத்து. அவர் இருக்கிற வரைக்கும் பேரன் அதில் பங்கு கேட்க முடியாது.

இதெல்லாம் இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவங்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூணில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமில்லாமச் சமம். இஸ்லாமியக் குடும்பங்களில் ஷரியத் கணக்கு. மூணில் ஒரு பங்குக்கு மேல உயிலில் எழுதினா வாரிசுகள் சம்மதிக்கணும்.

இத்தனை தகராறையும் பெரும்பாலும் தவிர்க்கலாம், அப்பா அம்மா தெம்பா இருக்கும்போதே உயில் எழுதி வச்சா. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பண்ணிடுங்க. நடக்க முடியாதவங்களுக்குக் கட்டணம் கட்டினா சார்பதிவாளர் வீட்டுக்கே வருவார். ரெண்டு சாட்சிகள் அவசியம். பின்னாடி கேஸ் வந்தா அவங்களில் ஒருத்தராவது கோர்ட்டில் வந்து சொல்லணும், பதிவு பண்ணின உயிலா இருந்தாலும். அதனால அப்பாவோட வயசுக்காரரைச் சாட்சியாப் பிடிக்காதீங்க; சின்ன வயசுக்காரரா, ஊரிலேயே இருக்கிறவரா, அந்தச் சொத்தில் ஒரு பைசாகூட வராதவரா இருக்கட்டும். குடும்ப டாக்டரே ஒரு சாட்சின்னா இன்னும் நல்லது.

முக்கியமான ஒண்ணு: உயிலால லாபம் அடையப் போற மகனோ மகளோ அந்த வேலையில் முன்னாடி நிக்கவே கூடாது. அவரே கார் வச்சு, அவரே வக்கீல் பிடிச்சு, அவரே சாட்சி கூட்டிட்டு வந்தா, உயில் உண்மையானதா இருந்தாலும் நீதிமன்றம் சந்தேகப்படும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிற பொறுப்பு உயிலைக் காட்டுறவர் தலையில்தான் விழும்னு உச்ச நீதிமன்றம் 1959லேயே சொல்லிடுச்சு. ஒரு பிள்ளைக்குக் குறைச்சலாக் கொடுக்கிறதா இருந்தா, ஏன்னு ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க. அதேமாதிரி உயிலை பேங்க் லாக்கரில் வைக்காதீங்க. எழுதினவர் போன பிறகு லாக்கரைத் திறக்கவே ஆயிரம் கேள்வி. வில்லங்கச் சான்றில் உயில் தெரியாது. எங்கே இருக்குன்னு நம்பிக்கையான ஒருத்தருக்காவது சொல்லி வைக்கணும்.

சம்பாதிக்கிற தங்கச்சிகளுக்கு இது. 1955ல கல்யாணமான ஒரு பொண்ணு. மூணே மாசத்தில் புருஷன் பாம்பு கடிச்சு இறந்துட்டார். புகுந்த வீட்டில் துரத்திட்டாங்க. பெத்தவங்க படிக்க வச்சாங்க, வேலைக்குப் போனாங்க, பேங்கிலும் பி.எஃப்.லயும் பணம் சேர்த்தாங்க. 1996ல உயில் எழுதாம இறந்துட்டாங்க. அந்தப் பணம் யாருக்குன்னு உச்ச நீதிமன்றம் வரை போய், 2009ல தீர்ப்பு வந்துச்சு: புருஷனோட சகோதரி பிள்ளைகளுக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அப்படித்தான் இருக்கு. குழந்தையும் கணவரும் இல்லாத பெண் சுயமாச் சம்பாதிச்ச சொத்துக்கு, பெத்த அம்மாவுக்கு முன்னாடி கணவரோட வாரிசுகள் வந்துடுவாங்க. எனக்கு இது கொஞ்சமும் நியாயமாப் படலை. ஆனா சட்டம் மாறுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஒரு பக்க உயில் போதும், யாருக்குப் போகணும்னு நீங்களே முடிவு பண்ணலாம்.

உயிரோட இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்க நினைக்கிற பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. உயிலை எப்ப வேணா மாத்தலாம், செட்டில்மென்டை உங்க இஷ்டத்துக்கு ரத்து பண்ண முடியாது. அதனால 'என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்'ங்கிற நிபந்தனையைப் பத்திரத்துக்குள்ளேயே எழுதுங்க. கவனிக்கலைன்னா, 2007 மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுத்து ரத்து கேட்கலாம்.

நிலம் பிரிக்கும்போது ஏக்கர் கணக்கு சரியா வந்துடும். சண்டை வர்றது கிணத்திலும் வழியிலும்தான். மோட்டார் யாருக்கு எந்தக் கிழமை, கரண்ட் பில்லை யார் கட்டுறது, பின்பக்கப் பங்குக்கு வண்டிப்பாதை எத்தனை அடி அகலம், எல்லாத்தையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதுங்க. சர்வேயர் அளந்த வரைபடத்தை இணைங்க. பதிவு பண்ணாம எழுதி வச்சுக்கிற வெறும் கூர்ச்சீட்டை நம்பி இருக்காதீங்க. குடும்பத்துக்குள்ள பாகப்பிரிவினைன்னா முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான். 2023 ஜூலையில் உயர்த்தின பிறகு ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. வருஷக்கணக்கா வாய்தாவுக்கு அலையுற செலவோட பார்த்தா இது ஒண்ணுமே இல்லை.

பட்டாவில் பேர் இருக்கிறதாலயே ஒருத்தர் உரிமையாளர் ஆயிட மாட்டார். பேங்க் டெபாசிட்டில் நாமினி பணத்தை வாங்கிக்கலாம், ஆனா மத்த வாரிசுகளோட பங்கு அப்படியே இருக்கும். வாரிசுச் சான்றிதழும் யார் யார் வாரிசுன்னுதான் சொல்லும், யாருக்கு எவ்வளவுன்னு சொல்லாது.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லையேன்னு யாரும் பயந்து கையெழுத்துப் போடாதீங்க. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவா இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. உங்க தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு ஆபீஸ் இருக்கும். போன்ல கேட்கணும்னா 15100.