கட்டை விரலைக் கவனியுங்கள்!

கிதார் என்றாலே ஆம்ப்ளிஃபயர்தானா? கரண்ட் இல்லாத கிதாரையும் கொஞ்சம் கேளுங்களேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் கிராமத்துப் பாட்டு ப்ளூஸ். மிசிசிப்பி மாநில விவசாயத் தொழிலாளி ஜான் ஹர்ட், 1928-ல் 'ஓகே' கம்பெனிக்குப் பாடிக் கொடுத்த 'ஃப்ராங்கி'யில் ஆரம்பியுங்கள்.

கட்டை விரல் கனத்த தந்திகளை மாறி மாறித் தட்டித் தாளம் பிடிக்கும். மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். ரெண்டு பேர் வாசிக்கிறாங்கன்னு சத்தியமே பண்ணுவீங்க. ஆள் ஒருத்தர்தான்!

இசைத்தட்டுகள் விற்கவில்லை. மனுஷர் வயல் வேலைக்கே திரும்பிவிட்டார். ஆனால் 'அவலான் ப்ளூஸ்' பாட்டில் சொந்த ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தார். அதை வைத்தே 1963-ல் ஒரு ரசிகர் அவலானுக்குத் தேடிப் போனார். ஹர்ட் அந்தப் பக்கத்திலேயேதான் இருந்தார். வயசு சுமார் எழுபது! அதே வருஷம் நியூபோர்ட் இசை விழாவில் மேடை ஏறினார்.

பழைய பதிவையும் அதற்கப்புறம் வந்ததையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்க. வேகம்தான் கொஞ்சம் குறைச்சல். கட்டை விரல் அதேதான்.