கூட்டம் திரும்பியது, முதல் திரும்பியதா?

திருவண்ணாமலைக் கடைவீதி தரும் பாடம்

ஓர் ஊர் எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும், அதன் வியாபாரம் நடுவிலுள்ள சில தெருக்களையே நம்பி நிற்கிறது. அத்தெருக்களில் மக்கள் நடமாட்டம் குறைந்தால், பத்துக் கல் தொலைவிலுள்ள பூந்தோட்டத்திலும், நாற்பது கல் தொலைவிலுள்ள தறியிலும் அதன் விளைவு தெரிந்துவிடும். ஆகையால், கடைவீதியின் வாழ்வும் தாழ்வும் நகரத்தாரின் கவலை மட்டுமன்று. நெய்வோரும் பயிரிடுவோருமாகிய நம்முடைய கவலையுமாகும். கொரோனாத் தொற்றுக் காலத்தில் திருவண்ணாமலைக் கோவிலைச் சூழ்ந்த வீதிகள் எவ்வாறு அடங்கின, பின்னர் எவ்வாறு மீண்டன, அம்மீட்சியில் பின்தங்கியது எது என்பவற்றை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

கோவிலும் கடைவீதியும்

அருணாசலேசுவரர் கோவிலின் நான்கு புறத்திலும் மாட வீதிகள் அமைந்துள்ளன. தேர் ஓடுகின்ற அவ்வீதிகளே ஊரின் கடைவீதிகளும் ஆகும். அவற்றுக்கு அப்பால், மலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளம் உடையது. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் பௌர்ணமிதோறும் வலம் வருவோரின் தொகை பெருகியதோடு, அப்பாதை முழுவதுமே ஒரு நீண்ட கடைவீதியாக மாறிவிட்டது. கார்த்திகைத் தீபத்தன்றோ பல இலட்சம் மக்கள் ஒரே நாளில் கூடுகின்றனர்.

இக்கூட்டத்தை நம்பி வாழ்வோரை இரு வகையாகப் பிரிக்கலாம். ஜவுளிக் கடை, பாத்திரக் கடை, உணவு விடுதி, தங்கும் விடுதி ஆகியவற்றை நடத்துவோர் முதல் வகையினர். அவர்களுக்குக் கட்டடம் உண்டு, உரிமம் உண்டு, வங்கிக் கணக்கும் உண்டு. பூக்கூடையும் தேங்காய்த் தட்டும் வைத்திருப்போர், கற்பூரமும் அகல் விளக்கும் விற்போர், இளநீர் வெட்டுவோர், சுண்டலும் தேநீரும் விற்போர் ஆகியோர் இரண்டாம் வகையினர். அவர்களுக்கு இருப்பவை ஓரிடமும் அன்றாட முதலுமே. காலையில் சரக்கு வாங்கிய பணம் மாலையில் திரும்பி வரவேண்டும். அது மறுநாட் காலை மீண்டும் சரக்காக வேண்டும். இச்சுழற்சி ஒரு வாரம் நின்றாலும் முதல் கரையத் தொடங்கிவிடும்.

நின்றுபோன இரண்டாண்டுகள்

2020 மார்ச்சு 24 மாலை தமிழ்நாட்டில் தடையாணை நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நிலவியது. சில நாட்கள் முன்னரே கோவில்களில் பக்தர்களுக்கு அனுமதி நிறுத்தப்பட்டிருந்தது. பெரிய கோவில்கள் மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டது செப்டம்பர் 1 அன்றேயாம். நவம்பர் 29 அன்று மலைமேல் தீபம் வழக்கம்போல் ஏற்றப்பட்டது. ஆயினும் வெளியூர் மக்கள் வருவதற்கும் கிரிவலத்திற்கும் தடை இருந்தது. தீபம் இருந்தது, திருநாட் கூட்டம் இல்லை.

2021-இல் இரண்டாம் அலை எழுந்தது. ஏப்ரல் 26 முதல் ஜூலை 5 வரை கோவில்கள் மறுபடியும் மூடப்பட்டன. பின்னர் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களிலும் தரிசனம் இல்லை. கடைவீதிக்கு வருவாய் தரும் நாட்கள் அம்மூன்றே என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாண்டுத் தீபத்தை ஒட்டி, நாளொன்றுக்கு 20,000 பேர் மட்டும் வலம்வர அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ இரண்டாண்டுகள் நீடித்த பௌர்ணமித் தடை 2022-ஆம் ஆண்டு பங்குனியில் நீங்கியது. அதற்குள் இருபதுக்கு மேற்பட்ட பௌர்ணமிகள் வாணிபமின்றிக் கழிந்துவிட்டன. வெளிநாட்டார் மிகுதியாகத் தங்கும் ரமணாசிரமப் பகுதியிலும் நிலை இதுவே. 2020 மார்ச்சில் நின்ற வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து 2022 மார்ச்சு 27 அன்றுதான் முழுமையாகத் தொடங்கிற்று.

அயல்நாட்டு நகரம் ஒன்று

இதே காலத்தில் உலகின் பெருநகரங்கள் பலவற்றிலும் நடுக்கடைவீதிகள் வெறிச்சோடின. அமெரிக்காவிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரத்தை ஒப்புநோக்குவது பயன்தரும். அந்நகரின் நடுப்பகுதி அலுவலகங்களால் ஆனது. கணிப்பொறித் தொழிலில் ஈடுபட்ட ஊழியர்கள் நாள்தோறும் அங்கே வந்து போயினர். அவர்களை நம்பிச் சிற்றுண்டிச் சாலைகளும் கடைகளும் நடந்தன. தொற்றுக்காலத்தில் அவ்வூழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகினர். தொற்று அடங்கிய பின்னும் பலர் அலுவலகத்திற்குத் திரும்பவில்லை. 2023-இல் அங்குள்ள அலுவலக இடத்தில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் ஆளின்றிக் கிடந்தது. வட அமெரிக்க நகரங்கள் அறுபத்திரண்டின் நடமாட்டத்தைக் கைப்பேசிக் குறிப்புகளைக் கொண்டு கணக்கிட்ட ஆய்வு ஒன்று, 2022 இளவேனிற் காலத்தில் அந்நகரின் நடுப்பகுதி பழைய நிலையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்று காட்டியது.

திருவண்ணாமலையில் நேர்ந்தது இதற்கு நேர்மாறானதாகும். வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதலாம். வீட்டிலிருந்தபடியே மலையை வலம்வர இயலாது. தடை நீங்கிய பங்குனியிலேயே மக்கள் வரத் தொடங்கினர். 2022 டிசம்பர் 6 அன்று தீபத்திற்குக் கூட்டம் முன்போலவே திரண்டது. 2024 மே மாதம் சென்னைக் கடற்கரையிலிருந்து திருவண்ணாமலைக்கு நேரடிப் பயணிகள் இரயில் ஓடத் தொடங்கியதும் வருவோர்க்கு வழி இன்னும் எளிதாயிற்று. நகராட்சியாக இருந்த ஊர் அதே ஆண்டில் மாநகராட்சியாகவும் உயர்த்தப்பட்டது.

எனவே, கூட்டத்தை மட்டும் கொண்டு அளந்தால், திருவண்ணாமலை மீண்டுவிட்டது என்று முடிவுகட்டலாம். ஆனால் கூட்டுறவாளராகிய நாம் அவ்வளவில் நின்றுவிடக் கூடாது. திரும்பி வந்த கூட்டத்திற்கு யார் சரக்கு விற்றார், யாருடைய முதலைக் கொண்டு விற்றார், வந்த இலாபம் யார் வீட்டுக்குச் சென்றது என்ற கேள்விகளையும் கேட்க வேண்டும்.

விதைநெல்லை உண்ட கதை

உழவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. பஞ்ச காலத்தில் விதைநெல்லைக் குத்தி உண்ட குடும்பம் உயிர் பிழைத்திருக்கும். ஆனால் மழை பெய்தபின் விதைக்க அதனிடம் நெல் இராது. சிறுவியாபாரியின் முதல் அவருடைய விதைநெல் ஆகும். ஊரடங்கு மாதங்களில் அது வீட்டுச் செலவுக்கே போய்விட்டது. அரசு குடும்ப அட்டைதாரர்களுக்கு 2020-இல் 1,000 ரூபாயும், 2021-இல் இரு தவணையாக 4,000 ரூபாயும் வழங்கியது, அரிசியும் கிடைத்தது. இவை பசியைத் தணித்தன; சரக்கு வாங்கும் முதலாக இவை மிஞ்சியிருக்க வழியில்லை.

ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு அனுமதி தந்தது. வங்கியில் கடன் பெற்றவர்க்கு அது உதவிற்று. தண்டற்காரரிடம் பெற்ற கடனுக்கு அச்சலுகை ஏது? சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. மிகைவட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதலே உண்டு; எனினும் வேறு வழியற்றவர் சட்டத்தைத் தேடிச் செல்வது அரிது.

தண்டற் கடனின் பளுவை ஒரு கணக்கினால் அறியலாம். 10,000 ரூபாய்க்குக் கடன் எழுதி, 1,500 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தருவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாளில் அடைக்க வேண்டும். நாள்தோறும் கடன் குறைந்துகொண்டே வருவதால், நூறு நாளிலும் சராசரியாக நம் கையில் நிற்பது ஏறத்தாழ 4,250 ரூபாயே. அதற்கு வட்டி 1,500 ரூபாய்! ஆண்டுக்கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது. அதே 8,500 ரூபாயைச் சங்கம் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் தந்து, அதே முறையில் திரும்பப் பெற்றால் வட்டி சுமார் 140 ரூபாய்தான் ஆகும். மிச்சமாகும் 1,360 ரூபாய் வியாபாரியின் கையில் தங்கினால், அதுவே அவருடைய முதல் மீண்டும் வளர்வதற்கு முதற்படியாகும்.

கூட்டம் தானாகவே திரும்பும். முதல் தானாகத் திரும்புவதில்லை. இதுவே நாம் மனத்திற் கொள்ள வேண்டிய பாடம்.

தோட்டமும் தறியும்

பூப் பயிரிடுவோரின் துன்பம் வேறு விதமானது. கோவில்கள் மூடப்பட்டன, திருமணங்களுக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று விதிக்கப்பட்டது. சாமந்தியும் சம்பங்கியும் ஊரடங்கை அறியா. காலம் வந்தால் பூத்தே தீரும். பறிக்கும் கூலிக்குக்கூட விலை கட்டாமையால் பூக்களைச் செடியிலேயே விட்டோர் தமிழ்நாடெங்கும் பலர். சென்னைக்கு அனுப்பலாம் என்றால், கோயம்பேட்டுச் சந்தையில் தொற்று பரவியதால் 2020 மே 5 அன்று அதுவும் மூடப்பட்டது. அங்குக் காய்கறி வியாபாரம் மீண்டும் தொடங்கியது செப்டம்பர் 28 அன்றேயாம். சத்தியமங்கலம் பகுதியில் மல்லிகை பயிரிடுவோர்க்கு, பூச்சந்தையை அன்றி வாசனைப் பொருள் ஆலைகளும் கொள்முதல் செய்வதுண்டு. ஒரு சந்தை அடைபட்டால் மற்றொன்று தாங்கும் என்பது இதனால் விளங்கும்.

நெசவாளருக்கு அடி இருமுறை விழுந்தது. ஆரணிப் பட்டுக்குத் திருமணமே பெருஞ்சந்தை. திருமணம் சுருங்கிய காலத்தில் சேலை தேங்கியது. கேட்பு மீண்ட காலத்திலோ, 2021, 2022 ஆண்டுகளில் பட்டிழை விலையும் பருத்தி நூல் விலையும் ஏறிவிட்டன. 2022 ஏப்ரலில் மத்திய அரசு பஞ்சின் இறக்குமதி வரியைச் சில மாதங்களுக்கு நீக்க நேர்ந்தமை அந்த ஏற்றத்தின் கடுமையைக் காட்டும். சரக்கு விற்காதபோது முதல் முடங்கியது. சரக்கு விற்கத் தொடங்கியபோது பழைய முதலுக்குப் பாதி நூல்கூடக் கிடைக்காத நிலை பலருக்கு ஏற்பட்டது. பூக்காரருக்கு நேர்ந்ததும் தறிக்காரருக்கு நேர்ந்ததும் அடிப்படையில் ஒன்றே என்பதை அங்கத்தினர்கள் உணர வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, மறுதொழில் நிதி. உறுப்பினர் ஒருவர் நாளொன்றுக்கு 10 ரூபாய் சேமித்தால் ஆண்டுக்கு 3,650 ரூபாய் ஆகும். மூன்றாண்டில் வட்டியின்றியே 10,950 ரூபாய். இருநூறு பேர் கொண்ட சங்கத்தில் ஆண்டுத் தொகை 7,30,000 ரூபாய் சேரும். இந்நிதியைப் பங்குத்தொகையோடும் சேமநிதியோடும் கலக்காமல் தனிக்கணக்கில் வைக்க வேண்டும். மிக முக்கியமாக, தொழில் நின்ற மாதங்களில் அது முழுவதும் உணவுக்குச் செலவாகிவிடாதபடி, பெரும்பகுதியைக் கடை மீண்டும் திறக்கும் நாளுக்கென்று விதி எழுதிக் காக்க வேண்டும். இரண்டாண்டுத் துன்பம் முழுவதையும் எச்சங்கத்தின் நிதியும் தாங்காது. மழை பெய்தபின் விதைக்க நெல் இருத்தல் போதும்.

இரண்டாவது, ஏடும் அடையாளமும். மத்திய அரசு 2020 ஜூனில் தொடங்கிய ஸ்வநிதித் திட்டத்தின்படி தெருவோர வியாபாரிகளுக்கு முதலில் 10,000 ரூபாயும், ஒழுங்காக அடைத்தவர்க்கு 20,000, பின் 50,000 ரூபாயும் கடன் கிடைத்தது. வட்டியில் நூற்றுக்கு ஏழு மானியமும் உண்டு. 2025-இல் முதலிரு தவணைகள் 15,000, 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டன. பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து நகரத்திற்கு வந்து விற்போரும் இதற்கு உரியவரே. ஆனால் உள்ளாட்சி நிறுவனத்தின் சான்றோ பரிந்துரையோ இன்றி ஒன்றும் நடவாது. அங்கத்தினர்க்கு மனு எழுதித் தருவதும், அலுவலகத்திற்கு உடன் செல்வதும் சங்கத்தின் கடமைகளாக வேண்டும்.

மூன்றாவது, சந்தை ஒன்றை மட்டும் நம்பாமை. பௌர்ணமிக்கு மட்டும் பூ, திருமணத்திற்கு மட்டும் பட்டு என்றிருத்தல் ஒற்றைத் தூணில் கூரை நிறுத்துவது போன்றதாகும். உழவர் சந்தை, கூட்டுறவு அங்காடி, கோ-ஆப்டெக்ஸ் கொள்முதல் ஆகிய வழிகளை நற்காலத்திலேயே பழக்கி வைத்திருத்தல் வேண்டும். 1935-இல் நிறுவப்பட்ட கோ-ஆப்டெக்ஸ், தனி நெசவாளர் ஒருவரால் எட்ட இயலாத சந்தையைப் பலர் சேர்ந்து எட்டுவதற்கென்றே எழுந்தது.

நான்காவது, கணக்கு. எவருடைய சொந்த முதல் எவ்வளவு, கடன் முதல் எவ்வளவு என்று ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு எழுதி வைக்கட்டும். அந்த ஏடு இல்லாமல், அடுத்த இடர் வரும்போது எவருக்கு முதலில் உதவுவது என்பதை முடிவு செய்ய இயலாது.

1904-இல் திரூரில் நம் நாட்டின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியபோது, அதைத் தோற்றுவித்தோர் கண்ட பகை வட்டிக்கடையாகும். அப்பகை இன்றும் மாட வீதியில் பூக்கூடைக்குப் பக்கத்தில் நிற்கிறது. கூட்டம் நிறைந்த இந்நற்காலமே நிதி சேர்ப்பதற்கு ஏற்ற காலம். மீண்டும் வீதி அடங்கியபின் சேர்க்கத் தொடங்குவது பயன்படாது.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. உங்கள் அங்கத்தினருள் எத்தனை பேர் சொந்த முதலில் தொழில் செய்கின்றனர்? எத்தனை பேர் தண்டற் கடனில் செய்கின்றனர்?

2. உங்கள் விளைபொருளில் அல்லது நெசவில் பாதிக்கு மேல் ஒரே சந்தைக்குச் செல்கிறதா? மற்றொரு வழி யாது?

3. மறுதொழில் நிதிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு செலுத்த இயலும்? அதனை எந்நிலையில் எடுக்கலாம், எந்நிலையில் எடுக்கக் கூடாது?

4. இரண்டு மாதம் விற்பனை நின்றால், மூன்றாம் மாதம் தொழிலைத் தொடங்குவதற்கு ஒவ்வொரு குடும்பத்திற்கும் தேவையான தொகை எவ்வளவு?