பிளானைக் கூட்டினால் வைஃபை நிலைக்குமா?

ஜிஎஸ்டி 3பி படிவத்தை ஏற்றவேண்டிய 20-ஆம் தேதியன்று, உடன்குடி பஜாரில் ஒரு கருப்பட்டிக் கடையின் பழைய டெஸ்க்டாப்பில் வைஃபை விட்டுவிட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் என்ன பேச்சு எழும் என்பதை யாரும் ஊகித்துவிடலாம்: கனெக்‌ஷன் கொடுத்தவர் சரியில்லை, பிளான் பத்தாது, கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது. இந்த மூன்று நம்பிக்கைகளும் ஊருக்கு ஊர் உண்டு. சில வேளை இவற்றில் ஒன்று உண்மையாகவும் இருக்கும். ஆனால் மூன்றில் எதை நம்பினாலும் அடுத்த வேலை பணம் செலவழிப்பதுதான். பழுது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே அந்தச் செலவு நடந்துவிடுகிறது என்பதுதான் என் ஆட்சேபம்.

இணையம் திரைக்கு இரண்டு கட்டமாக வந்து சேர்கிறது. தெருவிலிருந்து ரவுட்டர் வரை கண்ணாடி இழைக் கேபிள்; ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை வெறும் காற்று. முதல் கட்டம் கம்பெனியின் பொறுப்பு, இரண்டாவது நம் சுவர்களுக்குள் நடப்பது. ‘வைஃபை ஃபுல்லாகத்தானே காட்டுகிறது, அப்படியென்றால் கோளாறு வெளியில்தான்’ என்பது பரவலான வாதம். திரை மூலையிலுள்ள அந்தச் சிக்னல் கோடுகள் ரவுட்டரின் அலை எவ்வளவு பலமாக வந்து விழுகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. கம்ப்யூட்டர் பதிலுக்கு அனுப்புவது ரவுட்டருக்குக் கேட்கிறதா, நடுவில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது, ரவுட்டருக்கு அப்பால் இணையம் உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி உண்டு. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு முறை திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பல வீடுகளில் 192.168.1.1), மற்றொன்றில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கும் ‘பிங்’ கட்டளையைத் தொடர்ந்து ஓடவிடலாம். ரவுட்டரிடமிருந்தே பதில் தாமதமாகவும் இடையிடையே வராமலும் போனால் கோளாறு காற்றுக் கட்டத்தில் இருக்கிறது. ரவுட்டர் சில மில்லிசெகண்டில் சீராகப் பதில் சொல்லும்போது 8.8.8.8 மட்டும் அறுந்தால் கோளாறு வெளியில். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

காற்றுக் கட்டத்தில் கோளாறு என்று தெரிந்தபின் பிளானைக் கூட்டுவது, தெருக்குழாயில் தண்ணீர் பாய்ந்து வரும்போது வீட்டுக்குள் ஓஸ் மடங்கிக் கிடப்பதைப் பாராமல் இன்னொரு இணைப்புக்கு மனுப் போடுவதற்குச் சமம். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 2003-இல் வந்த ‘ஜி’ வகை வைஃபையின் உச்ச வேகம் 54 எம்பிபிஎஸ். 2009-இல் முறைப்படுத்தப்பட்ட ‘என்’ வகையில், யுஎஸ்பி துளையில் செருகும், ஒரே ஆன்டெனா உள்ள மலிவான வைஃபை டாங்கிள்களின் அட்டையில் 150 என்று அச்சிட்டிருக்கும். அட்டையில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான் நடைமுறையில் கைக்கு வரும். அந்த டாங்கிள் செருகிய மெஷினுக்கு 300 எம்பிபிஎஸ் பிளான் வாங்கித் தந்தால் கூடுதல் வேகம் ரவுட்டரோடு நின்றுவிடும். துண்டிப்பு என்பதோ வேகத்தின் பிரச்சினையே அல்ல.

‘அதே இடத்தில் செல்போனில் நன்றாக வருகிறதே, அப்போது கம்ப்யூட்டர்தானே கெட்டது?’ இந்தக் கேள்விக்கு நியாயம் உண்டு. ஆனால் அதே இடம் என்பது உண்மையில் அதே இடம் அல்ல. போன் கையில், நெஞ்சுயரத்தில் இருக்கிறது. டெஸ்க்டாப்போ மேசைக்கு அடியில், இரும்புப் பெட்டியாக, முதுகைச் சுவருக்குக் காட்டி நிற்கிறது. டாங்கிளோ கார்டின் ஆன்டெனாவோ அந்த முதுகில்தான் இருக்கும். அலை அந்த இரும்பையும் பக்கத்துப் பீரோவையும் கடையின் தகர ஷட்டரையும் சுற்றிக்கொண்டு வரவேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்தான். அதனால் ஆன்டெனாவை ஒரு சாண் நகர்த்தினாலே வரவேற்பு மாறிவிடும். இதில் இன்னொரு காரணமும் ஒளிந்திருக்கிறது. நீல நிற யுஎஸ்பி 3.0 துளைகளும் அவற்றில் மாட்டும் ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே இரைச்சலைக் கசியவிடுகின்றன என்று இன்டெல் நிறுவனம் 2012-இலேயே ஆவணப்படுத்தியது. டாங்கிளை அந்தத் துளைக்குப் பக்கத்தில் செருகினால், பேக்கப் எடுக்கும்போதெல்லாம் நெட் தடுமாறலாம். ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் டாங்கிளை மாட்டி மேசைமேல் வைப்பது இந்த இரண்டுக்குமே மருந்து. புது கம்ப்யூட்டர் வாங்கும் முன் இதைச் செய்து பார்க்காதவர்களுக்காக உண்மையிலேயே வருத்தப்படுகிறேன்.

மழை பெய்தால் வைஃபை குறையும் என்பதைச் சீக்கிரமே முடித்துவிடலாம். வீட்டுக்குள் மழை பெய்வதில்லை. இந்த அலைவரிசையில் மழைத்துளிகளின் தடையும் மிகச் சொற்பம். டிடிஎச் தட்டு மழையில் மங்குவது உண்மைதான், அது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலை. அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் நெரிசலோ நிஜமான தொல்லை. 2.4 பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. ஒட்டி ஒட்டிக் கடைகள் உள்ள பஜாரில் அவை நிரம்ப நேரமாகாது. இந்தியா 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அங்கே இடம் தாராளம். ஆனால் அந்த அலை சுவரைத் தாண்டச் சிரமப்படும். ஆகவே ரவுட்டர் அதே அறையில் இருந்தால்தான் 5 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் வாங்கப் பரிந்துரைப்பேன்.

எப்போதாவது மட்டும் அறுந்தால்? அப்போது நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். வேல்ஸ் நாட்டின் அபெர்ஹோசன் கிராமத்தில் பதினெட்டு மாதங்கள் தினமும் காலை ஏழு மணிக்கு இணையம் படுத்தது. கேபிளை மாற்றியும் தீரவில்லை. ஒரு வீட்டில் அந்த நேரத்தில் போடப்பட்ட பழைய டிவி கக்கிய மின்னிரைச்சல்தான் காரணம் என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். அது செம்புக் கம்பி இணைப்பு, நம்முடையதுபோல் காற்றில் வந்ததல்ல. ஆனாலும் பொருளை மாற்றித் தீராதது நேரத்தைக் கவனித்ததும் பிடிபட்டது. நம் ஊரில் அடிக்கடி கண்ணில் படாமல் போவது வேறொன்று: கம்ப்யூட்டரும் மானிட்டரும் யுபிஎஸ்ஸில், ரவுட்டர் மட்டும் சாதாரண பிளக்கில். கரண்ட் கண் சிமிட்டினாலே ரவுட்டர் அணைந்து மறுபடி எழும். கம்ப்யூட்டர் அசையாமல் நிற்பதால் நெட்தான் போனதாகத் தோன்றும். சும்மா இருந்துவிட்டு வந்தபின் மட்டும் அறுந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபை கார்டை அணைக்கும் அனுமதி டிவைஸ் மேனேஜரில் டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடலாம்.

வயது ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-இலும் முடிந்தன. ஜிஎஸ்டியும் வங்கிக் கணக்கும் பார்க்கும் மெஷினுக்கு அது பாதுகாப்புக் குறைவு. வயதால் வரும் இன்னொரு கோளாறோ இணையக் கோளாறு போலவே வேடம் போடும். மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 பட்டன் பேட்டரி செத்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிரவுசர் நினைத்துத் திறக்க மறுக்கும். வைஃபை இணைந்திருக்கும், பிங் பதில் சொல்லும், எந்தத் தளமும் வராது. வலது மூலையில் தேதியைப் பார்த்தாலே போதும்.

மேசையில் அசையாமல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு வைஃபை தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். கேட் 5ஈ லேன் வயர் 100 மீட்டர் வரை போகும். பழைய மெஷின்களிலும் அதற்கான துளை பெரும்பாலும் உண்டு. வயர் போட்டும் 8.8.8.8 அறுகிறதென்றால் அப்போது கம்பெனியை அழைப்பதில் தவறில்லை. சுவரில் உள்ள பைபர் பெட்டியில் லாஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். அதைப் போனிலேயே சொல்லிவிட்டால், கேபிள்காரர் உங்கள் கம்ப்யூட்டரைத் தொடாமல் நேரே கம்பத்துக்குப் போய்விடலாம்.