பக்கத்து நாடு, பக்கத்து பெஞ்சு



மேப்பில் இலங்கையைக் குறிக்கச் சொன்னால் எல்லாரும் டக்குனு குறித்துவிடுவோம். ஆனால் அந்த நாடும் நம் நாடும் என்னென்ன ஒப்பந்தம் போட்டிருக்கின்றன என்று கேட்டால் முழிப்போம். நானும் முழித்தவள்தான். அதனால் தேடிப் படித்து எழுதுகிறேன்.

முதலில் வியாபாரம். நம்ம கவரைப்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போனால் எண்ணூர் வருமே, அங்கே அசோக் லேலண்ட் தொழிற்சாலை இருக்கிறது. அந்தக் கம்பெனி 1982-லேயே இலங்கையில் ஒரு கூட்டு நிறுவனம் ஆரம்பித்தது. அங்கே ஓடும் பஸ்களில் லேலண்ட் நிறைய உண்டு.

வெளிநாட்டுப் பொருள் உள்ளே வரும்போது அரசாங்கம் வாங்குவது சுங்க வரி. இதைக் குறைக்கவும் நீக்கவும் 28.12.1998-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. 2000 மார்ச்சில் அமலுக்கு வந்தது. வேறு நாட்டுப் பொருளை வாங்கி 'இலங்கைப் பொருள்' என்று ஏமாற்றி அனுப்பினால்? அதற்கும் விதி இருக்கிறது. பொருளின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் அந்த நாட்டிலேயே உண்டானதாக இருக்க வேண்டும். (இந்த 35-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!) தேயிலைக்கு அளவு உண்டு. வருடத்துக்கு ஒன்றரைக் கோடி கிலோ வரைதான் சலுகை. இல்லாவிட்டால் நம்ம நீலகிரிக்காரர்கள் பாடு திண்டாட்டம்.

அடுத்து பாதுகாப்பு. வியாபாரமும் இதுவும் வேறு வேறு பாடம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 29.7.1987-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். அதோடு சேர்ந்த கடிதத்தில், திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குக் கெடுதலாக எந்த நாடும் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. அதே கடிதத்தில் அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளைச் சேர்ந்து நடத்தலாம் என்றும் இருக்கிறது. அப்போது போன நம் அமைதிப்படை 1990-ல் திரும்பியது. சுமார் 1,200 வீரர்கள் இறந்தார்கள். அங்கிருந்த தமிழ் மக்கள் பட்ட கஷ்டமும் கொஞ்சமல்ல. தொட்டிகளுக்கான புது ஒப்பந்தம் 2022 ஜனவரியில்தான் வந்தது. மொத்தம் 99 தொட்டிகள். அதில் 61 கூட்டு நிறுவனத்துக்கு.

அதே 2022-ல் இலங்கையில் பெட்ரோல் இல்லை, மருந்து இல்லை. இந்தியா சுமார் 400 கோடி டாலர் உதவியது. மே 18-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாட்டின் கப்பல் 9,000 டன் அரிசியோடு போனது. ஆனாலும் ஆகஸ்டில் சீனாவின் 'யுவான் வாங் 5' கப்பல் அம்பாந்தோட்டையில் வந்து நின்றது! 5.4.2025-ல் இரு நாடுகளும் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்தன. இலங்கை மண்ணை இந்தியாவுக்கு எதிராகப் பயன்படுத்த விடமாட்டோம் என்று அதிபர் திசநாயக்க சொன்னார்.

இதெல்லாம் நான் ஏன் படித்தேன் தெரியுமா? என் பக்கத்தில் உட்காருபவள் கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து வருகிறாள். அவள் அம்மம்மா 1990-ல் படகில் வந்தவர். வீட்டுக்குப் போனால் 'தேத்தண்ணி' தருவார். தோழி பிறந்தது பொன்னேரி ஆஸ்பத்திரியில். ஆனாலும் அவள் இந்தியக் குடிமகள் இல்லை. 1987 ஜூலை 1 முதல் சட்டம் மாறிவிட்டது. இங்கே பிறந்தது மட்டும் போதாது, பெற்றோரின் குடியுரிமையையும் பார்ப்பார்கள். ஒப்பந்தம் வந்ததும் அதே மாசம்தான்.

பொருளுக்கு 35 சதவீதம் போதும். இவள் நூறு சதவீதம் இங்கேதானே வளர்ந்தாள்?

எழுதி முடித்ததும் அவளிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. திருகோணமலைக்கு நான் 'ன' போட்டிருந்தேன், அதை மட்டும் அடித்து 'ண' எழுதித் தந்தாள்.

- 9ஆம் வகுப்பு மாணவி